அண்ணனின் வலது கண்

அபுதாபி விமான நிலையத்தில் என் பெட்டியைத் திறந்த சுங்க அதிகாரி, உள்ளே வரிசையாக அடுக்கியிருந்த கண்ணாடி வில்லைகளைப் பார்த்துவிட்டு, இதெல்லாம் விற்பதற்கா என்று ஆங்கிலத்தில் கேட்டார். மதுரையில் ஒரு கண் மருத்துவமனையில் பவர் பார்க்கும் வேலை எனக்கு, இவை அதற்கான வில்லைகள் என்றேன். அவர் நம்பவில்லை. என் பாஸ்போர்ட்டைக் கை நீளத்துக்குத் தள்ளிப் பிடித்து, தலையைப் பின்னால் இழுத்துக்கொண்டு படித்தார்.

எனக்குப் பழக்கம் விடவில்லை. பெட்டியிலிருந்த சோதனைக் கண்ணாடிச் சட்டத்தை எடுத்து, இரண்டு பக்கமும் வில்லையைச் செருகி, ‘ஒரு நிமிடம்’ என்று நீட்டினேன். தயங்கி மாட்டினார். பாஸ்போர்ட் மெல்ல மெல்ல அவர் முகத்துக்குப் பக்கத்தில் வந்தது. என் பெயர், அப்பா பெயர், ஊர் எல்லாவற்றையும் சத்தமாகப் படித்தார். பிறகு பக்கத்து மேசைக்காரரைக் கூப்பிட்டு அவருக்கும் மாட்டிவிட்டார். எனக்குப் பின்னால் வரிசை நீண்டுகொண்டே போனது. ஒருவழியாக, ‘யல்லா, யல்லா, போங்கள் டாக்டர்’ என்று பெட்டியை மூடித் தந்தார்கள். நான் டாக்டர் இல்லை என்று சொல்ல வாயெடுத்து, வேண்டாம் என்று வந்துவிட்டேன். அந்தப் பட்டம் அடுத்த பல நாட்களுக்கு என்னை விடவில்லை.

நான் ஊர் சுற்றிப் பார்க்க வரவில்லை. பரமக்குடிப் பக்கத்திலிருந்து போய் அங்கே வேலை பார்க்கும் என் அண்ணன் முருகேசனின் கண்ணைப் பார்க்க வந்தேன். சில மாதங்களாக அவனுக்கு வலது கண் மங்குகிறது, சாயங்காலம் விளக்கைப் பார்த்தால் சுற்றி வளையம் தெரிகிறது, தலை பிளக்கிறது. போனில் மதினியிடம் இதைச் சொல்லிவிட்டு, அடுத்த மூச்சிலேயே ‘ஒண்ணுமில்ல’ என்றானாம். எங்கள் அப்பாவும் அப்படித்தான் ஒண்ணுமில்ல என்று சொல்லிக்கொண்டே இருந்தார். கண்ணுக்குள் அழுத்தம் கூடி நரம்பு செத்துப்போன பிறகுதான் எங்களுக்குத் தெரிந்தது. கடைசிப் பத்து வருடம் சுவரைத் தடவித்தான் நடந்தார். அந்த நோய் குடும்பத்தில் இறங்கும் என்பது எனக்குத் தெரியும், மதினிக்கும் தெரியும்.

‘ஆஸ்பத்திரில காட்டுனா ஊருக்கு அனுப்பிருவாகன்னு யாருட்டயும் காட்ட மாட்டேங்குறாக. நீ போயிப் பாரு தனம். ஒங்கிட்டன்னா மறைக்க மாட்டாக’ என்றாள் மதினி. அவ்வளவுதான். விசா, டிக்கெட் கதையெல்லாம் எல்லோருக்கும் தெரிந்த கதை, விட்டுவிடுகிறேன்.

என்னை அழைத்துப்போக வந்தவர் ஜமால் பாய். கீழக்கரைக்காரர். அபுதாபியை ஒட்டிய முசஃபாவில் மளிகைக்கடை வைத்திருக்கிறார். அண்ணன் வேலை பார்க்கும் பாலைவனக் கேம்ப்புக்கு அரிசி, பருப்பு, டின் பால் எல்லாம் இவர் கடையிலிருந்துதான் போகிறது. கடைக்கு மேலேயே வீடு. அவர் மனைவி நூர்ஜஹான் அக்கா இடியாப்பமும் ஆட்டுக்கால் பாயாவும் வைத்துக்கொண்டு காத்திருந்தார். ‘சாப்புடு புள்ள, மெலிஞ்சு கெடக்கியே. நீ மொதல்ல தெம்பா இருந்தாத்தானே அடுத்தவங்க கண்ணப் பாக்க முடியும்’ என்று தட்டில் மேலும் மேலும் வைத்தார். என்னை மெலிந்தவள் என்று சொன்ன முதல் மனுஷி அவர்தான்.

முசஃபா முழுக்கப் பட்டறைகள். எங்கே திரும்பினாலும் வெல்டிங் பொறி, ஹாரன், இரும்பு இரும்பில் மோதும் சத்தம். மதுரை யானைக்கல் பகுதியை நாலு மடங்கு பெரிதாக்கி, மரங்களைப் பிடுங்கிவிட்டு, வெயிலைக் கூட்டினால் எப்படியோ அப்படி. நான் வந்த செய்தி எனக்கு முன்னால் தெருவில் இறங்கிவிட்டது. மறுநாள் காலையில் கடை வாசலில் கண் சிவந்த வெல்டர்கள் நின்றார்கள். திருச்சிக்காரர் ஒருவர், பெஷாவர்க்காரர் ஒருவர், மொழி தெரியாத ஒருவர். வெங்காய மூட்டைகளுக்கு நடுவில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து எல்லோருக்கும் பார்த்தேன். ஜமால் பாய் கல்லாவில் இருந்தபடியே இந்தியில் மொழிபெயர்த்தார். மருத்துவமனையில் கிடைக்காத மரியாதை அன்று வெங்காய மூட்டைமேல் கிடைத்தது.

கேம்ப்புக்குக் கிளம்பியபோது நூர்ஜஹான் அக்காவும் பையைத் தூக்கிக்கொண்டு வண்டியில் ஏறினார். ‘ஆம்பளைங்க கேம்ப்புக்குப் பொம்பளப் புள்ளைய ஒத்தையா அனுப்புவாங்களா’ என்றார். அங்கே முதலாளி குடும்பத்துப் பெண்களும் வந்து தங்கியிருக்கிறார்கள் என்று ஜமால் பாய் சொன்னார். ‘அதான் நானும் வாரேன். எனக்கும் பொழுது போவணும்ல’ என்றார் அக்கா.

மேற்கே போகும் நெடுஞ்சாலையில் ஒரு பக்கம் கடல் எட்டிப் பார்த்தது, மறுபக்கம் வெளுத்த மணல். ருவைஸ் நெருங்கியபோது சுத்திகரிப்பு ஆலையின் புகைபோக்கி உச்சியில் பட்டப்பகலில் தீ எரிந்துகொண்டிருந்தது. பட்டுக்கோட்டைக்காரர், பரமக்குடிக்காரர் என்று அதற்குள் எத்தனையோ பேர் இருக்கிறார்கள் என்றார் ஜமால் பாய், தன் சொந்த ஆலையைக் காட்டுவது போல. அதைத் தாண்டித் தெற்கே மணலுக்குள் இறங்கினோம். இறங்கிய கொஞ்ச நேரத்தில் பிக்அப் புதைந்து நின்றது.

தகரத்தால் மணலைத் தள்ளிக்கொண்டிருந்தபோது தண்ணீர் லாரி ஓட்டிக்கொண்டு ஒரு பட்டாணியர் வந்தார். கயிறு கட்டி இழுத்துவிட்டார். இந்த அம்மா யார் என்று கேட்டார். டாக்டர் என்றார் ஜமால் பாய். அவர் உடனே வாயைத் திறந்து கடைவாய்ப் பல்லைக் காட்டினார். பல் இல்லை பாய், கண் என்றதும் கொஞ்சம் ஏமாந்து, ‘அச்சா, கண்ணும்தான் இருக்கிறது’ என்று இமையை விரித்தார். நல்ல கண்கள். சொன்னேன். மீசையைத் தடவிக்கொண்டு போனார்.

கேம்ப் என்றால் ஏதோ நான்கு கூடாரம் என்று நினைத்திருந்தேன். அது ஒரு சிறு ஊர். ஜெனரேட்டர், தண்ணீர்த் தொட்டி, சமையல் கூடாரம், பெண்களுக்குத் தனிக் கூடாரம், நடுவே கம்பளம் விரித்த நீளக் கூடாரம். அதன் வாசலில் சின்னச் சின்னத் தாங்கிகளின்மேல், தோல் முக்காடு போட்டு, ராஜாளிகள் வரிசையாக உட்கார்ந்திருந்தன.

அண்ணன் மணல் மேட்டிலிருந்து இறங்கி ஓடி வந்தான். ‘வாத்தா’ என்றான். கையைப் பிடித்துக்கொண்டான். நான் அவன் கண்ணைத்தான் பார்த்தேன். வலது கண் செக்கச் செவேலென்று இருந்தது. இடது பக்க நெற்றி சுருங்கி, அந்தப் புருவமே கீழே இறங்கிவிட்டது போலிருந்தது.

அவன் வேலையை அன்றுதான் நேரில் பார்த்தேன். முதலாளி, அங்கத்துப் பேச்சில் அர்பாப், அபூ காலித் என்கிற பெரியவர். குளிர்காலம் முழுக்க இங்கே வந்து ராஜாளிகளை வைத்து வேட்டையாடுகிறார். இரை, ஹுபாரா என்கிற பறவை. நம் கானமயிலுக்குத் தம்பி மாதிரி. காட்டுப் பறவைகளைத் தொடுவதில்லை, பண்ணையில் வளர்த்ததைத்தான் மணலில் விடுகிறார்கள். விட்டதும் அது மணலோடு மணலாகிவிடும். அதைக் கண்டுபிடிப்பதும், ராஜாளி துரத்திக்கொண்டு போய் எங்கே இறங்கியது என்று பார்த்துச் சொல்வதும் அண்ணன் வேலை. அதற்கு ஒரு முக்காலிமேல் நிற்கும் பெரிய ஒற்றைக்கண் தூரநோக்கி. அங்கே அதற்குப் பெயர் தர்பீல். கூடாரம் அடிக்கும் ஆளாக வந்தவன், ஒருநாள் சும்மா எட்டிப் பார்த்து, யாருக்கும் தெரியாத பறவையைக் காட்டிவிட்டான். அன்றிலிருந்து தர்பீல் அவன் கையில்.

‘விடிஞ்சதுலேருந்து அடையுற வரைக்கும் இதுலதான் கண்ணு’ என்றான். ‘அர்பாப் எல்லார்ட்டயும் சொல்லுவாரு, முருகன் என்னோட கண்ணுன்னு. இப்பப் போயி எனக்குக் கண்ணு தெரியலன்னு எப்புடித்தா சொல்லுறது?’

சமையல் கூடாரத்தில், துணியை இறக்கி இருட்டாக்கி, அவனைப் படுக்க வைத்து மரத்துப்போக மருந்து விட்டேன். அழுத்தம் பார்க்கும் சிறு கருவியைக் கண்மேல் வைத்தேன். நாள் முழுக்கச் செய்கிற வேலை. அப்பாவுக்கு மட்டும் யாரும் காலத்தில் செய்யாத வேலை. முள் நின்ற இடத்தைப் பார்த்தேன். நம்பாமல் மறுபடி வைத்தேன். இடது கண்ணிலும் வைத்தேன். பிறகு விளக்கடித்து உள்ளே நரம்பைப் பார்த்தேன்.

‘என்னத்தா பேச மாட்டேங்குற?’

‘அழுத்தம் இல்லண்ணே. நரம்பு நல்லா ரோஸ் கலர்ல இருக்கு. அப்பாவுக்கு வந்தது ஒனக்கு இல்ல.’

அவன் கண்ணுக்குமேல் கையை வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் அப்படியே கிடந்தான். வெளியே காவல் நின்ற நூர்ஜஹான் அக்கா, ‘அல்ஹம்துலில்லாஹ்’ என்றது கேட்டது.

அப்படியானால் தலைவலி எதனால்? பவர் பார்த்தேன். கொஞ்சம் இருந்தது. இந்த வயதில் வருவதுதான். கையோடு கொண்டுவந்திருந்த கண்ணாடியில் பொருத்தமானதை எடுத்து மாட்டிவிட்டு, நாளையிலிருந்து எல்லாம் சரியாகிவிடும் என்று பெருமையாகச் சொன்னேன்.

மறுநாள் மத்தியானமே அவன் கண்ணாடியைக் கழற்றிக் கையில் கொண்டுவந்தான். ‘இதப் போட்டுக்கிட்டு பாத்தா குழாய்க்குள்ள பாக்குற மாதிரி சின்ன வட்டந்தான் தெரியுது. தலவலி நேத்தவிட மோசம்.’

எனக்குச் சுருக்கென்றது. கண்ணைப் பார்த்தேனே தவிர, அந்தக் கண் நாள் முழுக்க எதில் இருக்கிறது என்று நான் பார்க்கவேயில்லை. ‘நாளைக்கு ஒன்னோட நானும் ஒக்காருறேன்’ என்றேன்.

அபூ காலித்தின் மனைவி உம்மு காலித் சிரித்துக்கொண்டே எனக்கு ஒரு கனத்த அங்கி கொடுத்தார். விடியலில் குளிர் பல்லைக் கிட்டவைத்தது. பேரீச்சம்பழம் தின்று, காவா என்கிற ஏலக்காய் மணக்கும் அரபுக் காப்பியைக் குடித்துவிட்டு மேட்டில் ஏறினோம். தர்பீலில் கண் வைத்தேன். தூரத்து மணல் மேடு ஒவ்வொரு வரியோடும் பக்கத்தில் வந்து நின்றது. ஒரு நரி தன் நிழலை முகர்ந்துகொண்டு போனது. அடடா என்று சத்தமே வந்துவிட்டது எனக்கு. என் அண்ணன் தினமும் இதைப் பார்க்கிறான் என்று நினைத்தபோது பொறாமையாகக்கூட இருந்தது.

வெயில் ஏறிய பிறகுதான் புரிந்தது. முக்காலி தாழ்வாக இருந்தது. முதுகும் கழுத்தும் வளைந்து வலித்தன. இடது கண்ணை இறுக்கி மூடியதில் அந்தப் பக்க நெற்றி முழுக்க இழுத்தது. அண்ணன் எப்போதும் பெரிதாக்கும் வளையத்தைக் கடைசி வரை திருகித்தான் வைத்திருப்பான். வெகுதூரம் பார்ப்பவன் என்ற பெயர் அல்லவா. வெயிலில் மணல் கொதிக்க, அந்தப் பெரிய உருவம் கரைந்து ஆடியது. ஆடுவதை நிறுத்தப் பார்த்து, கண் தானாக முறுக்கிக்கொண்டது. இமைக்கவே மறந்துவிட்டேன். மதியம் கூடாரத்துக்கு வந்து படுத்தபோது எனக்கும் விளக்கைச் சுற்றி வளையம் தெரிந்தது.

‘அண்ணே, ஒன் கண்ணுல ஒரு நோயும் இல்ல. நீ அத விடாம வேல வாங்குற. அதான் அழுவுது’ என்றேன்.

சாயங்காலமே ஆரம்பித்தோம். முக்காலியை உயர்த்தி, அவன் முதுகு நிமிர்ந்து உட்காரும்படி சமையல்காரரின் ஸ்டூலைக் கொண்டுபோனோம். பேரீச்சம்பழ அட்டைப்பெட்டியை வெட்டி, கறுப்புத் துணி ஒட்டி, தர்பீலில் கண் வைக்கும் இடத்துக்குப் பக்கத்தில் இடது கண்ணை மறைக்கிற மாதிரிக் கட்டினேன்.

‘இனிமே எடது கண்ண மூடாத. தெறந்தே இருக்கட்டும். இந்த அட்டதான் அதுக்குத் தெரியும்.’

‘ரெண்டையும் தெறந்துக்கிட்டு எப்புடித்தா ஒண்ணுல பாக்குறது?’

‘ரெண்டு நாளு பழகு.’

தர்பீலில் பார்க்கும்போது கண்ணாடியைக் கழற்றச் சொன்னேன். சின்னப் பவர்தானே, தர்பீலைத் திருகினாலே அது சரியாகிவிடும். கண்ணாடியோடு பார்த்தே ஆக வேண்டுமென்றால், கண் வைக்கும் ரப்பர் வளையத்தை மடித்துவிட வேண்டும், இல்லாவிட்டால் கண் தள்ளிப்போய்க் குழாய்தான் தெரியும். அதை மடிக்காமல் விட்டதுதான் முதல் நாள் நான் செய்த வேலை. உருவத்தைத் தெளிவாக்கும் வளையத்தைத் தூரத்திலிருந்து பக்கத்துக்குத் திருகிக்கொண்டு வந்து, முதலில் தெளிந்த இடத்திலேயே நிறுத்து, அதற்குமேல் தேடாதே என்றேன். முதலில் சாதாரண இரட்டைக்கண் தர்பீலில் நாலு பக்கமும் பார், சந்தேகம் வந்தால் மட்டும் பெரியதில், அதுவும் சின்ன உருவமாகவே. கொஞ்சம் பார்த்ததும் கண்ணை எடுத்து அடிவானத்தைப் பார், இமையைக் கொட்டு. உச்சி வெயிலில் தொடவே தொடாதே.

‘உச்சி வெயில்ல பாக்கலன்னா அர்பாப் என்ன சொல்லுவாரு?’

‘அத நான் சொல்லுறேன்.’

சொல்ல வேண்டிய நாள் சீக்கிரமே வந்தது. அதற்குள் அவனுக்கு அட்டை பழகியிருந்தது. தலைவலி குறைந்து, கண்ணின் சிவப்பு ஓரத்துக்குப் போயிருந்தது. நான் கிளம்ப இருந்ததற்கு முந்தின நாள் காலை, அபூ காலித்தின் செல்ல ராஜாளி காணாமல் போனது. வெள்ளை நெஞ்சு, இளம் பறவை. ஹுபாராவைத் துரத்திக்கொண்டு மேடுகளுக்கு அப்பால் போனது, திரும்பவில்லை. காலில் கட்டியிருந்த சிறு ஒலிபரப்பிக் கருவியும் ஊமையாகிவிட்டது. வண்டிகள் நாலு பக்கமும் பறந்தன. பெண்கள் கூடாரத்தில் யாரும் சாப்பிடவில்லை. உம்மு காலித் தொழுகை விரிப்பிலேயே உட்கார்ந்திருந்தார்.

அண்ணன் மேட்டில் ஸ்டூலில் உட்கார்ந்து துண்டு துண்டாகத் தேடினான். வெயில் உச்சிக்கு வந்ததும் கண்ணை எடுத்துவிட்டு, தர்பீல்மேல் துணியைப் போட்டு மூடினான். கீழே நின்ற அபூ காலித் அதைப் பார்த்தார். மேலே ஏறி வந்தார். அவ்வளவு கோபமாக நான் அவரைப் பார்த்ததில்லை.

‘என் பறவை போய்விட்டது. நீ தூங்கப் போகிறாயா?’ அண்ணன் பிறகு சொல்லித்தான் எனக்கு அர்த்தம் தெரியும். குரலிலேயே பாதி புரிந்தது. நான் வாயைத் திறப்பதற்குள் அண்ணனே எழுந்து நின்றான்.

‘அர்பாப், இப்பப் பாத்தா கல்லும் பறக்கும், செடியும் பறக்கும். நான் பறவன்னு சொல்லுவேன், வண்டி அங்க ஓடும். சாயங்காலம் கண்ணு வேணுங்கிறப்ப கண்ணு இருக்காது. மணல் ஆறட்டும். நான் கண்டுபிடிச்சுத் தாரேன்.’ அரபியும் இந்தியும் கலந்து அவன் சொன்னது இதுதான். துணியை விலக்கி, ‘நீங்களே பாருங்க’ என்றான்.

பெரியவர் குனிந்து பார்த்தார். ரொம்ப நேரம் பார்த்தார். நிமிர்ந்தபோது கண்ணைக் கசக்கிக்கொண்டார். ‘எல்லாம் தண்ணீராக ஓடுகிறது’ என்றார். பிறகு அங்கியைச் சுருட்டிக்கொண்டு மணலிலேயே உட்கார்ந்தார். எங்கள் மூவருக்கும் காவா கொண்டுவரச் சொன்னார். அண்ணன் ஈரத் துண்டைக் கண்மேல் போட்டு மல்லாந்து கிடந்தான். வாக்குக் கொடுத்துவிட்டானே என்று நான் முக்காலியின் நிழலையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

நிழல்கள் நீள ஆரம்பித்ததும் அவன் எழுந்தான். முதலில் இரட்டைக்கண் தர்பீல். பிறகு ஸ்டூல். இரண்டு கண்ணும் திறந்திருந்தன. நெற்றியில் ஒரு சுருக்கம் இல்லை. ஒரு துண்டு பார்ப்பான், கண்ணை எடுப்பான், இமைப்பான், அடுத்த துண்டு. ஒரு இடத்தில் நின்றான். விலகிப்போனான். மறுபடி அங்கேயே வந்தான். அதற்குப் பிறகுதான் பெரிதாக்கும் வளையத்தை மெல்லத் திருகினான்.

‘ஒட்டகப் பட்டிக்கு அங்குட்டு ஒரு வன்னி மரம்’ என்றான் தமிழில், என்னிடம். ‘அதுல ரெண்டாவது கிளை. றெக்கைய ஒரு பக்கமா தொங்கப் போட்டிருக்கு. காலு வாரு தெரியுது.’

அபூ காலித் பார்த்தார். அவர் உதடுகள் அசைந்தன. பிறகு அந்த வயதில் அந்த மேட்டிலிருந்து அவர் ஓடிய ஓட்டம்! அண்ணன் பின்னால் ஓட, நானும் நூர்ஜஹான் அக்காவும் அடுத்த வண்டியில் ஏறினோம். நம் கோவில்களில் நிற்கும் அதே வன்னி மரம்தான், இங்கே காஃப் என்கிறார்கள். கிளையில் கருவியின் கம்பி ஒடிந்து தொங்க, வயிறு நிறையத் தின்றுவிட்டு, எல்லோரையும் ஏன் இவ்வளவு நேரம் என்பது போல் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தது பறவை. இறகில் சின்ன அடி, அவ்வளவுதான்.

பெரியவர் இரையைக் காட்டி அதைக் கையில் இறக்கினார். முக்காடு போட்டார். நெற்றியால் அதன் முதுகைத் தொட்டார். பிறகு தன் தோல் கையுறையைக் கழற்றி அண்ணன் கையில் மாட்டி, பறவையை அதில் ஏற்றிவிட்டார். வண்டியில் தன் பக்கத்து முன்சீட்டைக் காட்டினார். கூடாரம் அடிக்கும் ஆளாக வந்த என் அண்ணன், ராஜாளியைக் கையில் ஏந்தி முன்சீட்டில் உட்கார்ந்து கேம்ப்புக்குள் வந்தான். சமையல்காரர்கள் எல்லோரும் வெளியே வந்து நின்றார்கள். ‘பாரு புள்ள, ராசா மாதிரி வாரான்’ என்றார் நூர்ஜஹான் அக்கா.

அன்று இரவு பெரியவர் என்னிடம் கேட்டார், என்ன மருந்து கொடுத்தாய் என்று. அண்ணன் முந்திக்கொண்டு, ‘அட்டைப்பெட்டி’ என்றான். அவர் வயிறு குலுங்கச் சிரித்துவிட்டு, மற்ற ஆட்களின் தர்பீல்களையும் கொண்டுவரச் சொன்னார். வெட்டி ஒட்டி எனக்குக் கை வலித்தது.

மறுநாள் காலை என்னையும் அக்காவையும் கூட்டிப்போக ஜமால் பாய் வந்தார். அண்ணனுக்கு டியூட்டி. வண்டி வரை வந்து, ‘மதினிக்கிட்டச் சொல்லு, ஒண்ணுமில்லன்னு. இப்ப நெசமாவே ஒண்ணுமில்ல’ என்றான். மேட்டில் ஏறிப் போய்விட்டான். நான் அவன் முன்னால் அழவில்லை. மணலைத் தாண்டித் தார்ச்சாலை ஏறும் இடத்தில், பின்னால் கட்டியிருந்த தண்ணீர் கேன் அவிழ்ந்துவிட்டதென்று ஜமால் பாய் வண்டியை நிறுத்தினார். நான் இறங்கி வந்த வழியைப் பார்த்தேன். கேம்ப் இருந்த இடத்தில் ஒரு புள்ளிகூடத் தெரியவில்லை. குளிர்ந்த, சலனமில்லாத காலை. துப்பட்டாவை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டேன்.

ஜமால் பாயின் செல்போன் அடித்தது. பேசிவிட்டு, சிரிப்பை அடக்கிக்கொண்டு என்னிடம் நீட்டினார்.

‘அழுவாதத்தா’ என்றது அண்ணன் குரல். ‘இங்கேருந்து தெரியுது.’